பாட்ஷாவிலிருந்து அப்துல் காலிக் வரை

தமிழ்ச் சினிமாவின் அடிதடிக் கதாநாயகர்கள் எங்கட வீடுகளுக்குள்ளும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். அவர்கள் முஸ்லிம் பெயரை எப்படிக் கையாண்டார்கள் என்பதை மூன்று படங்களை வைத்துப் பார்க்கலாம்.

1995இல் வந்த 'பாட்ஷா'வில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் (ரஜினிகாந்த்) ஒரு காலத்தில் பம்பாயையே நடுங்க வைத்தவன். 'பாட்ஷா' என்ற பெயர், கொல்லப்பட்ட அவனது நண்பன் அன்வர் பாட்ஷாவுடையது. ஒரு முஸ்லிமின் பெயருக்கு அரங்கமே விசிலடித்தது. எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெயர் வீரத்தின் பெயராக மாறுவதற்கு, பெயருக்குரியவன் முதலில் சாக வேண்டியிருந்தது.

2012இல் ஏ.ஆர். முருகதாஸின் 'துப்பாக்கி'. லீவில் மும்பாய்க்கு வரும் இராணுவ வீரன் விஜய். அவரும் சகாக்களும் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்து ஒரே நேரத்தில் சுட்டுக் கொல்கிறார்கள். விசாரணையும் இல்லை, வழக்கும் இல்லை. நேர்த்தியான காட்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாமும் பார்த்தோம். பக்கத்தில் சாதாரணமாக வாழ்கிறவனே 'ஸ்லீப்பர் செல்'லாக இருக்கலாம் என்ற எண்ணத்தையும் படம் விதைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் சில காட்சிகள் நீக்கப்பட்டன. காட்சியை வெட்டலாம், பார்த்தவன் மனசில் விழுந்த சந்தேகத்தை யார் வெட்டுவது?

2021இல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' வந்தது. நண்பனின் கலியாணத்துக்காக டுபாயிலிருந்து புறப்படும் அப்துல் காலிக்காகச் சிம்பு நடித்தார். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிமின் தலையில் போட்டுக் கலவரம் மூட்டும் சதியில் காலிக் மாட்டிக்கொள்கிறான். செத்துச் செத்து, அதே நாளில், அதே விமானத்தில் கண் விழிக்கிறான். ஒரு கலவரத்தைத் தடுப்பதே வீரம் என்று காட்டிய வகையில் இது முக்கியமான படம்.

இருந்தும் ஒரு நெருடல். மாணிக்கத்திடம் யாரும் நாட்டுப்பற்றுக்கு அத்தாட்சி கேட்கவில்லை. காலிக் மட்டும் பலமுறை செத்து, முதலமைச்சரையே காப்பாற்றித்தான் நிரபராதியாக வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட ஊர்களில் நாம் பட்ட பாடும் இதுதானே! யாரோ சிலர் செய்த கொடுமைக்கு, "நாங்க அப்படியானவங்க இல்ல" என்று நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்துல் காலிக் யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், நேரத்துக்குக் கலியாண வீட்டுக்குப் போய்ச் சேரும் படம் ஒன்று வரட்டும். அதற்கு நாமும் விசிலடிப்போம்.