சேமித்த கோப்பே சாட்சி

இணையப் பக்கத்தை இறக்கிச் சேமிக்கும் நிரல் தகராறு செய்தால், புதியவர் நிரலைத் திறந்து வரிவரியாகத் திருத்தத் தொடங்குவார். கைதேர்ந்தவர் முதலில் திறப்பது, வட்டில் வந்து விழுந்த கோப்பை. பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிவதே இந்த வேலையின் அழகு.

பக்கத்துக்குப் பதிலாக ‘இடம் மாறிவிட்டது’ என்ற சின்னக் குறிப்பு மட்டும் இருக்கிறதா? சர்வர் வேறு முகவரியைக் காட்டியிருக்கிறது, நிரல் அங்கே போகவில்லை. 1996-இல் வந்த டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவி இப்படி 20 முறை வரை தானாகவே பின்தொடரும். டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் வெளியிட்ட கர்ல் கருவி, போகச் சொன்னால்தான் போகும். கருவியின் சுபாவம் தெரிந்தவருக்கு இந்தப் பழுது ஒரு நிமிட வேலை.

கோப்பு முழுக்கப் புரியாத குறிகளா? முதல் இரண்டு பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் பாருங்கள். 1எஃப், 8பி என்றிருந்தால், ஜிசிப் முறையில் சுருக்கி வந்த பக்கம் விரிக்கப்படாமலே சேமிக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்ப் பக்கம் சிதைந்தால் அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு, முதலாவது எப்போதும் ஈ0. அதை லத்தீன்-1 என்ற வேறு குறிமுறை என்று எண்ணிப் படித்தால், தலையில் சாய்கோடிட்ட ஆங்கில ‘ஏ’ திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டதும் மனம் நிம்மதியாகும். எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன, படித்த முறையைத்தான் மாற்ற வேண்டும்.

கையால் ஓட்டினால் வருகிற கோப்பு, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் வருவதில்லையா? இணையத்தைச் சந்தேகிக்கும் முன் பாதையையும் எழுதும் அனுமதியையும் பார்க்க வேண்டும். கிரான் வேறு அடைவில், சில சமயம் வேறு பயனராக, குறைந்த சூழல் மாறிகளோடு ஓட்டுகிறது.

இவற்றையெல்லாம் விட நுட்பமானது, 200 என்ற பதிலோடு வரும் தவறான பக்கம். சர்வர் ‘சரி’ என்கிறது. கோப்பிலோ உள்நுழைவுப் படிவம் இருக்கும், அல்லது ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டுமே நிரம்பும் வெற்றுக் கூடு இருக்கும். பக்கத்தில் இருந்தே தீரவேண்டிய ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பவர்தான் இதைப் பிடிப்பார். 200-க்குப் பதிலாக, ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்னும் 429 வந்தால், கேட்கும் வேகத்தைக் குறைப்பதே மரியாதை.

நல்ல நிரல் தற்காலிகப் பெயரில் எழுதி, சோதித்த பிறகே பெயரை மாற்றும். அதனால் பழைய நல்ல பிரதி அழியாது. பதிலின் ஹெடர்களையும் நேரத்தையும் உடன் சேமிக்கும். இணையக் காப்பகங்கள் கையாளும் வார்க் வடிவமும் இப்படித்தான் சேமிக்கிறது. இன்றைய பழுதைத் தீர்ப்பதோடு நில்லாமல், நாளை வரப்போகும் பழுதுக்கும் தடயம் வைத்துவிட்டுப் போகிறவரே என் கணக்கில் இந்தக் கலையின் தேர்ந்த கைவினைஞர்.