நாலு தந்தி, இரண்டு குமிழ்

நான் வழக்கமாக வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவது. ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில், ‘என் இனிய பொன் நிலாவே’ நடுவில் அந்தப் பேட்டரி தீர்ந்துபோனது. ‘மூடுபனி’ (1980) படத்தின் அந்தப் பாட்டில் பேஸ் பின்னால் நின்று தாளம் மட்டும் பிடிக்காது. பாடுகிறவரோடு பேசிக்கொண்டே வரும். அது நின்றதும் பாட்டின் காலடியில் தரையே இல்லை. மறுவாரம் இரண்டாவதாக ஒன்று வாங்கக் கிளம்பினேன், குறைந்த விலையில், பேட்டரி இல்லாததாக.

மலிவுப் பேஸ்களில் கண்ணைப் பறிக்கும் மரக்கோலமும் ஐந்தாறு குமிழ்களும் வைத்தவை உண்டு. என் மனசு போனது பிரிசிஷன் பேஸ் பக்கம். லியோ ஃபெண்டர் 1951-இல் கலிபோர்னியாவில் கொண்டுவந்த வடிவம் அது. ஃபெண்டர் நிறுவனமே ஸ்குவையர் என்ற பெயரில் அதை எளிய விலைக்குத் தருகிறது. பாப்லர் மர உடம்பு, மேப்பிள் கழுத்து, 20 பிரெட், வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ். அவ்வளவுதான்.

தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப்பைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரே துண்டாக இருக்காது. பாதியாக வெட்டி, ஒரு பாதியைச் சற்றுத் தள்ளி வைத்ததுபோல் இருக்கும். ஒரு பாதி தடித்த இரண்டு தந்திகளுக்கு, மறுபாதி மெல்லிய இரண்டுக்கு. இரண்டிலும் கம்பிச்சுருள் எதிரெதிராகச் சுற்றியிருக்கும், காந்தத்தின் துருவமும் எதிரெதிர். மண்டபத்து சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் கிளப்பும் அந்த ‘ம்ம்ம்’ இரண்டு சுருளிலும் நேர்மாறாக விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் நாதம் மட்டும் வெளியே வரும். 1957-இல் வந்த யோசனை. விலை குறைந்த பேஸிலும் அதே யோசனைதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது.

கடையில் ஆம்பைப் போடுவதற்கு முன்பே முக்கால்வாசி தெரிந்துவிடும். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நேரைப் பார்த்தேன். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். மலிவுப் பேஸ்களில் பிரெட் முனை அங்கேதான் கீறும். பிறகு மெல்லிய ஜி தந்தியில் ஐந்தாம் பிரெட். இந்தக் குடும்பத்துப் பேஸ்களில் அந்த இடத்தில் ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போவதுண்டு. கழுத்தே கூட அதிர்ந்து தந்தியின் சக்தியைக் குடித்துவிடும். வரிசையாக மாட்டியிருந்த ஒரே மாடலில் மூன்றை இறக்கி வாசித்தேன். ஒன்றில் அது ‘டொப்’ என்று விழுந்தது, இன்னொன்றில் பாதி மூச்சு. மூன்றாவதில் பக்கத்து ஸ்வரங்களோடு சேர்ந்து நின்று பாடியது. விலை மூன்றுக்கும் ஒன்றுதான்.

டோன் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். உலோகச் சிலுசிலுப்பு அடங்கி, மரக்கதவை விரல்முட்டியால் தட்டியதுபோல் ஓர் உருண்டை நாதம் வந்தது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் ஒலிப்பதிவுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்த வகைப் பேஸில்தான். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றே போதும் அவருக்கு. அறுந்தாலொழிய தந்தி மாற்றமாட்டார்.

இப்போது கச்சேரிகளில் அந்த மூன்றாவது பேஸ் ஆம்புக்குப் பக்கத்தில், சுருதி சேர்த்து, ஸ்டாண்டில் நிற்கிறது. கிக் டிரம் விழும்போதெல்லாம் அதன் தடித்த இ தந்தி, யாரும் தொடாமலே, லேசாக அதிர்கிறது.