நொடிக்கு ஒரு சொட்டு

சாவியைத் திருப்பி வெளியே எடுத்தாயிற்று. எஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1970களின் மெர்சிடிஸ் டீசல் காருக்குப் புதியவர் இந்த இடத்தில் திடுக்கிடுவார். பழகியவர் பதறமாட்டார். பானெட்டைத் திறந்து, எஞ்சினில் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருக்கும் சிறு லீவரை அழுத்தி அணைப்பார். பிறகு கதவுப் பூட்டுகளைச் சோதிக்கப் போவார்.

எஞ்சினுக்கும் கதவுப் பூட்டுக்கும் என்ன உறவு? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. மின்சாரத்தை வெட்டினால் அணைந்துவிடாது. டீசல் வரத்தை அடைக்க வேண்டும். அந்த வேலையை இந்தக் காரில் வெற்றிடம் செய்கிறது. எஞ்சினின் முன்புறம் உள்ள ஒரு பம்ப் காற்றை உறிஞ்சுகிறது; அந்த உறிஞ்சல் மெல்லிய குழாய்கள் வழியே கார் முழுக்கப் பரவுகிறது. பிரேக் மிதிக்கத் துணை நிற்பது அதுதான். ஆட்டோமேட்டிக் கியர் குலுங்காமல் மாறுவதும், சென்ட்ரல் லாக் இயங்குவதும், சாவியைத் திருப்பியதும் டீசல் பம்ப் அடைபடுவதும் அதனால்தான். பின்கதவுக்குள் ஒரு சிறு ரப்பர் திரை கிழிந்தால்கூட, எங்கோ முன்னால் எஞ்சின் நிற்க மறுக்கும். கைப்பம்பையும் முள் காட்டும் மீட்டரையும் வைத்துக்கொண்டு, கிளை கிளையாக அடைத்துப் பார்த்து, முள் இறங்கும் இடத்தைப் பிடிக்கும் மெக்கானிக்கின் வேலை, நாடி பார்ப்பதற்கு மிக அருகில் வருகிறது.

இங்கே பேசப்படும் கார் டபிள்யூ 123. 1976 ஜனவரியில் அறிமுகமாகி, ஏறத்தாழ 10 ஆண்டுகளில் 27 லட்சம் வண்டிகள்வரை வெளிவந்தன. டீசலில் நான்கு சிலிண்டர் 240டியும் ஐந்து சிலிண்டர் 300டியும்தான் பேர்போனவை. பயணிகள் காரில் ஐந்து சிலிண்டர் டீசல் என்பதையே 1974இல் முதலில் கொண்டுவந்தது மெர்சிடிஸ்தான். 1978இல் அந்த எஞ்சினுக்கு டர்போ சேர்த்து, எஸ் கிளாஸ் உடலில் வைத்து, 300எஸ்டி என்று அமெரிக்காவில் விற்றார்கள். டர்போ டீசலோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார் அது.

240டியின் எஞ்சினான ஓஎம் 616 நமக்கும் தூரத்துச் சொந்தம் இல்லை. பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று அதை இந்தியாவில் தயாரித்து, டிராக்ஸ், டெம்போ டிராவலர் வண்டிகளில் பொருத்தியது. மாலை போட்டு வேனில் சபரிமலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருப்பார்கள்.

இந்த எஞ்சின்களின் பெருமையைச் சொல்பவர்கள் இரும்பின் தரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி டேப்பட் செட் செய்யும்போது தெரியும். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு இதில் இல்லை. ஏறக்குறைய 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மனிதக் கைதான் அதைச் செய்ய வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். 300டியில் காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 0.30. இதற்கென்றே வளைத்துச் செய்த 14 மில்லிமீட்டர் ஸ்பானர்களால் லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். கனத்த புத்தகத்தின் நடுவிலிருந்து தனித்தாள் ஒன்றை உருவும்போது விரலுக்கு ஒரு மெல்லிய பிடிப்பு தெரியுமே, அதுதான் அளவு. லாக் நட்டை இறுக்கும்போது அந்தப் பிடிப்பு மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஐந்து சிலிண்டருக்குப் பத்து வால்வு.

இதில் காதை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த எஞ்சினில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமர அமர, இடைவெளி கூடாது, குறையும். ஆகவே சத்தமும் குறையும். ‘வண்டி எவ்வளவு அமைதியாக ஓடுகிறது’ என்று உரிமையாளர் மகிழும் நேரத்தில், வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருக்கும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். லேசான டிக்டிக் சத்தம் கேட்டால் தேர்ந்த மெக்கானிக் நிம்மதியடைவதன் காரணம் இதுதான்.

காலை ஸ்டார்ட்டுக்கு இன்னொரு தடையும் உண்டு. பழைய மாடல்களில், ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. கோயில் திருவிழா சீரியல் செட்டைப் போலத்தான்: ஒன்று போனால் எல்லாமே இருட்டு. 1980ஐ ஒட்டி ஒவ்வொன்றுக்கும் தனி மின்பாதை கொடுத்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜாக்கி வைக்கும் இடங்களிலும் பேட்டரித் தட்டின் அடியிலும் துரு சத்தமில்லாமல் தின்னும். காற்றை உறிஞ்சும் அந்த வாக்குவம் பம்பின் பேரிங் உடைந்து குண்டுகள் டைமிங் செயினுக்குள் விழுந்தால் எஞ்சினே போய்விடும். பம்பை முன்கூட்டியே கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு 240டி நிற்கிறது. டபிள்யூ 123க்கு முந்தைய மாடல். கிரேக்க டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் அதை மொத்தம் 46 லட்சம் கிலோமீட்டரை எட்டும்வரை ஓட்டி, 2004இல் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அழியாத இரும்புக்குச் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். ஆனால் அவர் ஒரே எஞ்சினில் அவ்வளவு தூரம் போகவில்லை. எஞ்சின்களைக் கழற்றி, செப்பனிட்டு, மாற்றி மாற்றிப் பொருத்தினார். மொராக்கோவில் ஆறு பயணிகளை அடைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடிய 240டி டாக்ஸிகளின் கதையும் இதுதான்: ஓடியது வண்டி, ஓடவைத்தது தெருவோரப் பட்டறை. கழற்றவும் திருத்தவும் முடிகிறபடி வடிவமைத்தவர்கள் அந்தப் பட்டறைக்காரரையும் மனதில் வைத்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

உச்சமான வேலை டீசல் பம்பின் டைமிங். டைமிங் செயின் ஆண்டுகள் போகப்போக நீளும். டீசல் பீய்ச்சும் கணம் பின்தங்கும். புதுச் செயினைப் போட எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. தறியில் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைத்து இழுப்பதுபோல, பழைய செயினின் அறுத்த முனையில் புதியதைக் கோத்து, ஒருவர் கிராங்கைத் திருப்ப, இன்னொருவர் தொய்வில்லாமல் பிடித்து இழுப்பார்கள். பிறகு, பம்பின் முதல் வழியைத் திறந்து, வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பத் திருப்ப, டீசல் தாரையாக வழியும், இழையாக மெலியும், சொட்டாகும். நொடிக்கு ஒரு சொட்டு என்று ஆகும் இடத்தில் கையை நிறுத்த வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தொட அப்போது சரியாக 24 டிகிரி மிச்சமிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லை, கேபிள் இல்லை. சொட்டும், அதைப் பார்க்கும் கண்ணும்தான்.

எல்லாம் பூட்டி, ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்தால், ஐந்து சிலிண்டர் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு நிதானத்துக்கு வரும். சாவியைத் திருப்பினால் உடனே நிற்கும். அன்று மாலை காரைப் பூட்டிவிட்டுப் போகிறார் மெக்கானிக். மறுநாள் காலை, எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்புகிறார். மற்றக் கதவுகளின் பூட்டுக் குமிழ்களும் ஒன்றாக மேலே எழுகின்றன. இரவு முழுவதும் எங்கும் கசியவில்லை.