டிராய் நகரத்துப் பெண்டிர்

நாடகமென்றாற் கதை வளர்தல் வேண்டும். இதிலோ தொடக்க முதல் இறுதிவரை அழுகையே நிரம்பியுள்ளது என்று, யூரிபிடீஸ் என்னும் கிரேக்கப் புலவரின் ‘டிராய் நகரத்துப் பெண்டிர்’ நாடகத்தைக் குறை கூறுவாருளர். அக்கூற்று ஒருவாறு உண்மையே. பத்தாண்டு முற்றுகை முடிந்தது; ஆடவர் மாண்டனர்; எஞ்சிய பெண்டிர் கூடாரங்களில் அடைபட்டு, எந்தக் கிரேக்கனுக்கு அடிமையாவோமோ என்று காத்திருக்கின்றனர். இனி வளரக் கதை ஏது? புலவர் காட்டப் புகுந்தது போரையன்று. போர் முடிந்த மறுநாளை.

ஹோமரின் இலியத் காவியம் ஹெக்டரின் ஈமக்கடனோடு நின்றுவிடுகிறது. நகரம் எரிந்ததை அது பாடவில்லை. யூரிபிடீஸோ நம்மை அந்நெருப்பின் அருகிலேயே நிறுத்துகிறார். முதிய அரசி ஹெக்குபா ஒடிசியஸுக்கு அடிமை. மகள் கஸாண்ட்ரா அகமெம்னானுக்கு. மருமகள் ஆண்ட்ரமாக்கி, தன் கணவனைக் கொன்ற அக்கிலீஸின் மகனுக்கே! அவள் கையிலிருந்த பாலகனையும் பறித்து மதிலினின்றும் வீழ்த்துகின்றனர். வளர்ந்தாற் பழிவாங்குவானாம். ஒரு குழந்தைக்கு அஞ்சுவதும் வீரமோ? நசுங்கிய அவ்வுடலைத் தந்தையின் கேடயத்திற் கிடத்திப் பாட்டி அடக்கத்திற்கு ஒப்பனை செய்யும் காட்சியைக் கண்டபின், கதையில்லை என்று குறை கூற நா எழுமோ, அறியோம்.

தெய்வங்களை இப்புலவர் நடத்தும் முறையும் நோக்கத்தக்கது. கிரேக்கருக்குத் துணைநின்ற அதீனா தேவி, நாடகத் தொடக்கத்தில் அவர்மீதே சினந்து வருகிறாள். நகரம் அழிந்ததற்காகவா? அன்று, தன் கோயிலினின்றும் கஸாண்ட்ராவை ஒருவன் இழுத்துச் சென்றதால் தனக்கு நேர்ந்த அவமதிப்பிற்காக!

பின்னர் ஹெலன், கணவன் மெனெலாஸின் முன்நின்று, எல்லாம் காதற்றேவியின் செயலே, தான் குற்றவாளியல்லள் என்று வாதிடுகிறாள். இங்ஙனம் தெய்வத்தின்மேற் பாரத்தைப் போட்டுத் தப்புவார் எந்நாட்டிலும் உளர். அவள் மனத்து ஆசையே தேவியின் பெயரைப் பூண்டு வந்தது என்று ஹெக்குபா அவ்வாதத்தைத் தகர்க்கும் இடம் நாடகத்தின் உயிர்நிலை எனலாம். எனினும் ஒன்று சொல்லாதிருக்க இயலவில்லை. ஆயிரங் கப்பலிற் படைகொண்டு வந்த ஆடவருள் ஒருவனும் கூண்டில் ஏற்றப்படவில்லை. பெண்ணைப் பெண்ணே குற்றஞ்சாட்ட, வழக்கில் ஒரு தரப்பினனான மெனெலாஸே நடுவனாக வீற்றிருக்கிறான்!

இந்நாடகம் அரங்கேறியது கி.மு. 415-இல், ஏதென்ஸ் நகரில். போரிற் கலவாது ஒதுங்கி நிற்க விழைந்த மேலோஸ் என்னும் சிறு தீவை அதற்கு முந்திய ஆண்டு ஏதென்ஸ் முற்றுகையிட்டது. சரணடைந்தபின் ஆடவரைக் கொன்று, பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்றது. வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதனை ஒளிக்காது எழுதியுள்ளார். புலவர் மேலோஸை எண்ணியே எழுதினாரா என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஆயின், அவ்வெற்றிக்கு உரிய குடிமக்களே அன்று அவையில் இருந்தனர். மேடையில் அழுத பெண்டிரைக் கண்டபோது தம் இல்லங்களுக்கு விலைக்கு வந்த பெண்டிரை அவர்கள் நினையாதிருத்தல் கூடுமோ?

நடுவர் இதற்கு இரண்டாம் பரிசே அளித்தனர். அவ்வாண்டுக் கோடையில் ஏதென்ஸின் கப்பற்படை சிசிலித் தீவை நோக்கிப் புறப்பட்டது.