ஃபேனை மாற்றினால் சூடு தீருமா?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, பழைய மஹிந்திரா ஜீப் என்று ஏதாவது ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்புகளில் சளைக்காமல் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: "எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருங்க அண்ணாச்சி, ஹீட்டு நிக்கும்." இதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பினால் வண்டி நடுவழியில் நிற்கும். எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்காமலே வேலை நடந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றுபோனது. பத்மினி அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டது. இனி ஒரு என்ஜின் ஹெட் வளைந்தால் அது சின்ன நஷ்டமில்லை.

பழைய ஏற்பாடு எளிமையானது. என்ஜினின் முன்பக்கம் வாட்டர் பம்ப், அதன் புல்லியோடு சேர்த்து முறுக்கப்பட்ட ஃபேன். ஒரே பெல்ட் பம்பையும் ஃபேனையும் டைனமோவையும் சுற்றுகிறது. என்ஜின் ஓடினால் ஃபேன் ஓடும். ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை, அறுந்துபோக ஒயர் இல்லை. பெல்ட் அறுந்தால் எல்லாமே போகும். ஆனால் டிக்கியில் ஒரு பெல்ட்டும் ஒரு ஸ்பானரும் இருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிவிடலாம்.

அதன் குறை மார்த்தாண்டத்தில் தெரியும். மேம்பாலம் வந்த பிறகும் கீழே சந்தைப் பக்கம் மாட்டிக்கொண்டால் வண்டி நகராது. காற்று உள்ளே வராத அந்த நேரத்தில்தான் ஃபேன் வேகமாகச் சுற்றவேண்டும். ஆனால் என்ஜின் ஐடிலில் இருக்கிறது, ஃபேனும் சோம்பிச் சுற்றுகிறது. வண்டி சாலையில் விரைந்து, காற்று தானே ரேடியேட்டரில் மோதும்போதோ ஃபேன் வெறிபிடித்துச் சுற்றும். ஃபேன் இழுக்கும் சக்தி அதன் சுற்றின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஐடிலில் 750 சுற்று, சாலையில் 3000 என்றால் சுற்று 4 மடங்கு, விழுங்கும் சக்தி 64 மடங்கு. 1489 சிசி அம்பாசிடரின் மொத்த பலமே ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான். தேவையில்லாத நேரத்தில் அதிலிருந்து ஒரு பங்கு வீணாகிறது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் என்ஜின் குறுக்குவாட்டில் இருந்தது. பெல்ட்டால் சுற்றும் ஃபேன் ரேடியேட்டரை நோக்கி நிற்க அங்கே வழியில்லை. மோட்டார் ஃபேன் நம் ஊர்க் கார்களில் பரவலானது அப்படித்தான். நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அது நிச்சயம் நல்லது. என்ஜின் வேகம் எதுவானாலும் அது தன் முழு வேகத்தில் சுற்றும். வாட்டர் பம்ப் பேரிங்கின் மேல் இருக்கும் பாரமும் குறையும். கல்யாண ஊர்வலத்தில் அம்பாசிடர் ஊர்ந்துபோகும்போது இந்த நன்மையைக் கண்கூடாகக் காணலாம்.

ஆனால் இந்த மாவட்டத்தில் எல்லாச் சாலையும் மார்த்தாண்டம் அல்ல. பேச்சிப்பாறையைத் தாண்டிக் கோதையாற்றுக்கு ஏறும் ஜீப்பைப் பாருங்கள். இரண்டாம் கியர், ஆள் நடையைவிடக் கொஞ்சம் வேகம், என்ஜின் சுற்று மட்டும் உச்சத்தில். பெல்ட் ஃபேன் பிறந்ததே இந்த வேலைக்காக. என்ஜின் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு காற்றை அது இழுத்துத் தரும். அந்த அளவு காற்றைத் தர வேண்டுமானால் எலக்ட்ரிக் ஃபேன் பெரியதாக, இரட்டையாக இருக்கவேண்டும். நடைமுறையில் மாட்டப்படுவதோ பழைய ஸ்பேர் கடையில் கிடைத்தது எதுவோ அது. 796 சிசி என்ஜினுக்காகச் செய்த மாருதி ஃபேனை ஜீப் ரேடியேட்டர் முன் நிறுத்தினால், ஃபேன் ஓடுகிறது, சூடு காட்டும் முள்ளும் ஏறுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் இன்னொரு பாடம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காலத்தில் வள்ளியூர்ப் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போக, முதுகிலிருந்து காற்று 40-ல் வீசினால், கிரில்லுக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். "சாலையில் ஃபேனே வேண்டாம்" என்ற பொதுவிதி அங்கே பொய்த்துவிடும். சூடு பார்த்துத் தானே ஓடத் தொடங்கும் ஃபேன் அங்கே காப்பாற்றும். டாஷ்போர்டில் சும்மா ஒரு ஸ்விட்ச் வைத்து, போட மறந்துபோகும் ஃபேன் காப்பாற்றாது.

பெட்ரோல் மிச்சமாகும் என்ற வாதத்தையும் அளந்து பார்க்கவேண்டும். என்ஜின் பலம் ஆல்டர்னேட்டரில் மின்சாரமாகி, மோட்டாரில் மறுபடி சுழற்சியாகும்போது இரண்டு இடத்திலும் இழப்பு உண்டு. நேராகப் பெல்ட்டில் சுற்றுவதைவிட இது திறமையான வழி அல்ல. லாபம் ஒன்றே ஒன்றில்தான்: பெரும்பாலான நேரம் ஃபேன் ஓடாமல் இருப்பதில். தெர்மோ ஸ்விட்ச் வாங்கச் சோம்பல்பட்டு, இக்னிஷனிலிருந்து நேரே ஒயர் இழுத்து, சாவி போட்டதும் ஓடும்படி செய்துவிட்டால் அந்த ஒரு லாபமும் போய்விடுகிறது. இப்படிச் செய்வதை நான் திருத்தம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மின்சாரக் கணக்கு இன்னும் கடினமானது. பழைய அம்பாசிடரின் டைனமோ தருவது சுமார் 22 ஆம்பியர், அதுவும் என்ஜின் நன்றாகச் சுற்றும்போது. ஐடிலில் அது ஏறக்குறைய எதுவும் தராது. இரவில் ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் காயில் சேர்ந்தே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதன்மேல் 10, 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டும் மாவட்டம் இது. வைப்பரை நிறுத்த முடியாத இரவுகள் நிறைய. ஃபேன் தேவைப்படும் நெரிசல் நேரமும் டைனமோ கைவிடும் நேரமும் ஒன்றே. அப்போது ஃபேன் பேட்டரியைக் குடித்து ஓடுகிறது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடாமல் ஃபேனை மட்டும் மாற்றுவது அரைவேலை.

ஒயரிங்கில் எங்கள் ஊருக்கே உரிய எதிரி உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் வண்டியின் ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள். பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு ஏறிய இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகி ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஃபியூஸ் போகாமலே ஃபேன் நின்றுவிடும். டிரைவருக்குச் சத்தமே வராது. பெல்ட் அறுந்தால் சார்ஜிங் விளக்காவது எரியும். ஆகவே ரிலே, தடித்த ஒயர், நல்ல எர்த், கிரீஸ் பூசிய மூடிய இணைப்பு ஆகியவை ஃபேனைவிட முக்கியம் என்பேன். பில்லில் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவதும் இவைதான்.

பொருத்துவதிலும் பிழைகள் உண்டு. ரேடியேட்டர் இடுக்கில் பிளாஸ்டிக் ஊசிகளைக் குத்தி ஃபேனைக் கட்டினால், அதிர்வில் அவை குழாயை உரசிக் கசிய வைக்கும். பக்கச் சட்டத்தில் பட்டை அடித்துத் தாங்குவதே சரி. பழைய ஃபேனைக் கழற்றிய புல்லியில் அதே நீள போல்ட்டுகளைப் போட்டால் புல்லி இறுகாது. குட்டை போல்ட் வேண்டும். ஷ்ரவுட் என்கிற தகட்டுச் சுற்று இல்லாவிட்டால் வட்ட ஃபேன் வட்டத்தளவு இடத்தை மட்டும் குளிர்விக்கும். வண்டி நிற்கும்போது கிரில்லில் ஒரு தாளை வையுங்கள். என்ஜின் பக்கம் மாட்டிய ஃபேன் தாளை மூலைவரை இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது, நோயைப் பார்க்காமல் ஃபேனை மாற்றுவதில். வருஷக்கணக்கில் உப்புச்சுவை போர் தண்ணீரை ஊற்றியதில் குழாய்களுக்குள் காறை கட்டி, ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். தெர்மோஸ்டாட்டை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். மூடியின் ரப்பர் பிளந்து அழுத்தம் நிற்காது. இந்த வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் முள் சில மாதம் இறங்கும். அடைப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து வரும் பங்குனிச் சித்திரையில் ஹெட் கேஸ்கெட் போகும்.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் நான் சொல்ல விரும்பும் வரிசை இது: முதலில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, கூலன்ட் ஊற்றி ஒரு கோடையைக் கடத்துங்கள். சூடு நின்றுவிட்டால் பெல்ட் ஃபேன் இருந்துவிட்டுப் போகட்டும். ஊருக்குள் ஊரும் அம்பாசிடரில் அப்போதும் முள் ஏறினால், ஆல்டர்னேட்டரோடு சேர்த்துத் தரமான எலக்ட்ரிக் ஃபேன் போடலாம். கோதையாறு, கீரிப்பாறை ஏறும் ஜீப்பில் பெல்ட் ஃபேனைத் தொடாதீர்கள்.