வாலைப் பாருங்கள், சிங்கம் தெரியும்

சீனப் புத்தாண்டு என்றால் பட்டாசு ஊரான தாயில்பட்டிக்காரர்களுக்கு முதலில் கேட்பது சரவெடிதான். வெடிச் சத்தத்துக்கும் சிவப்பு நிறத்துக்கும் ‘நியன்’ என்ற பூதம் மிரண்டு ஓடும் என்பது சீனர்களின் ஐதீகம். அதனால் சிங்க நடனம் கடை வாசலுக்கு வந்ததும் சரத்தைக் கொளுத்துவார்கள். சிங்கப்பூர் 1972-லும் மலேசியா 1991-லும் வெடிக்குத் தடை போட்டன. சரவெடித் தடை என்றால் என்னவென்று 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நமக்கும் தெரியும். ஆனால் சிங்கம் அங்கே ஓயவில்லை. மலேசியாவில் அது இரும்புத் தூண்கள் மேலேறி முழு விளையாட்டாகிவிட்டது. கெந்திங் மலையில் 1994 முதல் உலகப் போட்டி நடக்கிறது. மூவார் நகரின் குன் செங் கெங் குழு அங்கே பலமுறை பட்டம் வென்றிருக்கிறது.

ஒரு சிங்கத்துக்குள் இரண்டு பேர். கண் சிமிட்டுவதும் காதை ஆட்டுவதும் வாயைத் திறப்பதும் தலைக்காரர், கைதட்டலும் அவருக்கே. என் கணக்கில் போட்டியை வெல்வது வால்காரர்தான். துணிக்குள் குனிந்தே நிற்கும் அவருக்கு முன்னவரின் இடுப்பும் பாதமும் தவிர அதிகம் தெரியாது. தாவும் நொடியில் இடுப்புக் கச்சையைப் பிடித்து அவரைத் தூக்கிவிட வேண்டும், தானும் தாவி, பாதம் கொள்ளும் அளவே உள்ள வட்டத் தட்டில் இறங்க வேண்டும். சிங்கம் நிமிர்ந்து நிற்கும்போது தலைக்காரர் ஏறி நிற்பது இவர் தொடைமேல். அப்போது முழங்கால் லேசாக நடுங்கினாலும் தலை ஆடும். நடுவர் கண்ணுக்கு அது தப்பாது.

தாவினால் மட்டும் மதிப்பெண் வந்துவிடாது. தூணின் விளிம்பில் சிங்கம் தயங்க வேண்டும், பயப்பட வேண்டும், பிறகு துணிய வேண்டும். தொங்கும் கீரைக்கட்டை மோந்து பார்த்து, சந்தேகப்பட்டுப் பின்வாங்கி, கடைசியில் கவ்வி மென்று துப்ப வேண்டும். உயரத் தாவும் பல குழுக்கள் இந்தத் தயக்கத்தை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. அங்கே சிங்கம் செத்துவிடுகிறது, மிஞ்சுவது வெறும் ஜிம்னாஸ்டிக்ஸ்.

மேளக்காரரின் கண் எப்போதும் சிங்கத்தின் மேலேயே இருக்கும். தாளத்துக்கு ஆட்டம் என்று பழகிய நமக்கு இது புதிது: இங்கே சிங்கத்தின் மூச்சுக்கு ஏற்ப அடி விழுகிறது. அடுத்த புத்தாண்டுக்குச் சிங்க நடனக் காணொளி ஒன்று கையில் கிடைத்தால், முதல் தடவை தலையை ரசியுங்கள். இரண்டாம் தடவை பின்னங்கால்களை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.