கற்பனைப் பஞ்சம்

சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: 'அமெரிக்காவில் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி என்று ஒரு பாடமே நடத்துகிறார்களாமே, அதில் எதைப் படிக்கலாம்?'

முதலில் 9/11 கமிஷன் அறிக்கை. 2004-ல் வந்தது. அரசாங்க அறிக்கை என்றதும் கொட்டாவி விடவேண்டாம். புத்தகக் கடைகளில் நாவல் மாதிரி விற்று, அந்த வருஷ நேஷனல் புக் அவார்டின் இறுதிப் பட்டியல் வரை போனது. 2006-ல் சித்திரக்கதையாகவே வந்துவிட்டது. முதல் அத்தியாயத்தில் நாலு விமானங்களையும் நிமிஷக் கணக்கில் தொடர்கிறார்கள். நடையில் அலங்காரமே இல்லை. அதனாலேயே வயிற்றைப் பிசைகிறது. அறிக்கை கண்டுபிடித்த குறைகளில் முதலாவது, கற்பனைப் பஞ்சம். தகவல் துண்டு துண்டாக ஆளுக்கொரு ஆபீஸில் இருந்தது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

நம் நாட்டில் இதற்குச் சமமாக, கே.சுப்ரமண்யம் தலைமையில் தயாரான கார்கில் ஆய்வுக்குழு அறிக்கையைச் சொல்வேன். 2000-ல் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். நம் உளவு அமைப்புகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறது. ஆனால், பாதுகாப்பு கருதி சில பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். சிதம்பரத்துக்காரருக்கு இது புதிதல்ல. திரையை விலக்கினால் வெட்டவெளி. அங்கே அது தத்துவம், இங்கே சென்ஸார்.

இந்த ரகப் புத்தகங்களில் பொதுவாக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆபத்து என்றால் ஆயுதத்தோடு வரும் ஆசாமி என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்கா 2003-ல் 22 அமைப்புகளை ஒரே துறையாக்கியது. வெள்ளம், புயலுக்கான அமைப்பும் அதில் அடக்கம். 2005-ல் கத்ரீனா வந்தது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுபடி விசாரணை, மறுபடி அறிக்கை.

நமக்கு அது அதற்கு முந்தின வருஷமே நடந்துவிட்டது. 2004 டிசம்பர் 26. சுமத்ராவில் பூகம்பம், நம் நேரப்படி காலை 6.29. கடலூர்க் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கார் நிகோபார் விமானப்படைத் தளம் அடிபட்டிருந்தது. டெல்லியில் எச்சரிக்கை ஃபேக்ஸ் ஒரு முன்னாள் மந்திரி வீட்டுக்குப் போனதாகப் பத்திரிகைகளில் வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். இங்கேயும் தகவல் இருந்தது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே மாணவரே, உங்கள் பக்கத்து ஊர் ஆராய்ச்சியையும் பட்டியலில் சேருங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே கதிரேசனும், அவருடன் ராஜேந்திரனும் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம் இது: கடலோரக் காடு அதிகம், கடலிலிருந்து தூரம் அதிகம், மேடு அதிகம் என்றால் சாவு குறைவு. பிச்சாவரம் காட்டுக்குத் தமிழில் அலையாத்தி என்று பேர். பேரிலேயே தீர்ப்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வருஷமே கெர், பெயர்ட், கேம்பல் என்று மூவர் அதே இதழில் அதே எண்களை மறுபடி கூட்டிக் கழித்தார்கள். தூரத்தையும் மேட்டையும் கணக்கில் எடுத்தபின் காட்டின் பங்கு ஒரு சதவிகிதம்கூடத் தேறவில்லை என்றார்கள். காட்டுக்கு ஆதரவாக வேறு இருவர் வந்தார்கள். சண்டை நீண்டது.

இரண்டு பக்கத்தையும் படித்ததில் என் கட்சி இது: கணக்கில் மறுத்தவர்கள் சொல்வதே சரி. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர், இயல்பாகவே கடலுக்குத் தள்ளி இருக்கும். காப்பாற்றியது மரமா, தூரமா என்று 18 ஊரை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால், மூலக் கட்டுரையே தூரத்தையும் மேட்டையும் சொல்லத்தான் சொல்கிறது. தலைப்பில் காடு மட்டும் நின்றது, பலர் தலைப்போடு நிறுத்திக்கொண்டார்கள். இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. மரம் இருக்கிறதே என்று நம்பி ஒரு குடும்பம் கரையிலேயே தூங்கினால், பிழைக்கு விலை உயிர்.

கட்டுரையில் எனக்கு உறுத்துவது வேறு இடம். மக்களைக் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குடிவைக்கச் சொல்கிறார்கள். படகும் வலையும் கரையில், வீடு மட்டும் தள்ளி. விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கவேண்டும். காலியான கரையில் நாளைக்கு ரிசார்ட் வராது என்று அவருக்கு யார் எழுதிக்கொடுப்பது?

இதெல்லாம் வேண்டாம் என்றால் நல்லவாடு கதை போதும். கடலூருக்கு வடக்கே, புதுவைப் பக்கத்துக் குப்பம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் டி.வி. பார்த்துவிட்டுப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனம் ஓடித் தப்பித்தது. உளவுத் துறை இல்லை, ஃபேக்ஸ் இல்லை.

2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால், ஹைதராபாத்திலிருந்து குப்பம் வரை இருக்கிற கடைசி இரண்டு கிலோமீட்டர் பற்றித்தான் எனக்குக் கவலை. மாணவர் புத்தகங்களை முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்வரட்டும். ஏதாவது ஒரு குப்பத்தில் மைக் செட் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கட்டும். பதில் உடனே வந்தால் அந்த ஊர் பத்திரம்.